கேமராவுக்குப் பின்னால் நின்றவர்

முன்னூற்று அறுபது டிகிரி கேமராவுக்கு முதுகு கிடையாது. முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண். ஹாலின் நடுவில் ஒரு கம்பின் மேல் நிறுத்திவைத்தால் நான்கு சுவர், கூரை, தரை, சுவரில் ஓடும் பல்லி என்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும். படம் எடுப்பவர்கூட வீட்டைவிட்டு வெளியே போய்த்தான் கைப்பேசியில் பொத்தானை அழுத்தவேண்டும். இதையெல்லாம் நான் தேர்வில் விலாவாரியாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. தெரியாமல் செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

அப்போது மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு. மெய்நிகர் உலகங்களை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று அந்த ஆண்டு ஒரு பாடம் இருந்தது. முதல் வகுப்பில் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போனோம். என் தோழி ஒருத்தி மலை விளிம்பில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பின்வாங்கி, போய்க் குப்பைத்தொட்டிமேல் உட்கார்ந்தாள். நான் ஒரு மனித இதயத்துக்குள் நுழைந்து, அதன் கதவுகள் திறந்து மூடுவதைக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணாடியைக் கழற்றியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கரும்பலகையும் வெண்கட்டியும் வைத்துக்கொண்டு எங்களை இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம்கூட வந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு. அம்மாவிடம் போனில் இதயத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதில், அவர் எனக்குத்தான் நெஞ்சில் ஏதோ கோளாறு என்று பயந்துபோனார்.

பருவத்தின் நடுவில் ஒரு பணி கொடுத்தார்கள். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளை, அவர்கள் சாதாரணமாகப் போகமுடியாத ஓர் இடத்துக்குக் கண்ணாடி வழியாகக் கூட்டிப்போகவேண்டும். ஒருவர் அலையாத்திக் காட்டை எடுத்துக்கொண்டார். ஒருவர் ஆயர் ஈத்தாமில் ஒரு மண்பாண்டக் கடையைப் பிடித்தார். நான் குளுவாங் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டைச் சொன்னேன். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் ஆறு வருஷம் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் போவது பெருநாளுக்கு மட்டும்தான். அதுவும் சாப்பாட்டு மேசை வரைக்கும். ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டை, சாமி மேடையும் விளக்கும் கோலமுமாக, சுற்றிச் சுற்றிப் பார்க்கவைக்கலாமே என்றேன். எங்கள் விரிவுரையாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. அவரை நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அந்த யோசனை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே, மலாயில் பாடம் நடக்கும் ஒரு தேசியப் பள்ளியில் பிள்ளைகளிடம் காட்ட ஏற்பாடும் செய்துகொடுத்தார்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் குளுவாங்கில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறார். கடை அவருடையதல்ல. ஆனால் பேச்சைக் கேட்டால் அவருடையதுதான் என்று தோன்றும். யாரைப் பார்த்தாலும் "பாஸ்". கடை முதலாளியான சீனத் தவுக்கே, மலாய்ப் போலீஸ்காரர், கோயில் ஐயர் எல்லாரும் அவருக்கு பாஸ்தான். நான் பல்கலைக்கழகத்தில் பதியப்போன அன்று நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட புதுச்சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். மற்ற அப்பாக்களெல்லாம் கைகட்டி வரிசையில் நிற்க, இவர் மட்டும் மேசைக்கு அந்தப்புறம் இருந்த பேராசிரியரிடம் குனிந்து, "பாஸ், இந்தப் படிப்ப முடிச்சா வேலை கெடைக்குமா, இல்ல நம்ம டயர் கடைக்குத்தான் வரணுமா?" என்று மலாயில் கேட்டுவிட்டுத் தானே ஓங்கிச் சிரித்தார். பேராசிரியரும் சிரித்தார். பக்கத்து வரிசையும் சிரித்தது. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அப்பாவைப் பல்கலைக்கழகப் பக்கம் வரவிடவே இல்லை. விடுதி வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்பார். பஸ்ஸிலேயே போய்விடுகிறேன் என்பேன்.

படம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல்நாளே ஹாலைச் சுத்தம் செய்துவிட்டேன். கேமரா நாலு பக்கமும் பார்க்கும் என்ற நினைப்பு எனக்கு நன்றாகவே இருந்தது. துணிக்கூடை, ஹெல்மெட், பழைய ரைஸ்குக்கர் பெட்டி எல்லாவற்றையும் அறைக்குள் தள்ளினேன். பின்சுவரில் ஒரு சீனக் கடைக் காலண்டர் மட்டும் இருந்தது. அது இருக்கட்டும், வீடு என்றால் காலண்டர் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவைத்தேன். பொருள் விஷயத்தில் அவ்வளவு கவனம் எனக்கு.

அம்மா பட்டுப்புடவை கட்டிச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பேசவேண்டியதை நான் மலாயில் எழுதிக்கொடுத்திருந்தேன். சந்தையில் பேசும் மலாய் இல்லை, பாடப்புத்தக மலாய். நீள நீளமான சொற்கள். அம்மா அவற்றை வாய்க்குள் முனகிக்கொண்டே இருந்தார்.

அப்போது அப்பா கைலியும் ஓட்டைப் பனியனுமாக அறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

"நான் எங்கம்மா நிக்கணும்?"

"நீங்க வேண்டாம்ப்பா. அம்மா மட்டும்தான்."

"சட்டைய மாத்திட்டு வந்துடறேன்லா. ஒரு நிமிஷம்."

பல்கலைக்கழகத்தில் பதியப்போன அன்று கேட்ட அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்குக் காதில் கேட்டுவிட்டது. பிள்ளைகளையும் பாஸ் என்று கூப்பிடுவார், டாக்டர் பார்ப்பார், வகுப்பே பார்க்கும். கைநகங்களில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. "வேண்டாம்ப்பா," என்றேன் வெடுக்கென்று. "நீங்க கேமராவுக்குப் பின்னாடி இருந்தா போதும்."

"ஓக்கே பாஸ்," என்றார்.

கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போது, குறுக்கே வருகிற ஆளை எல்லாரும் சொல்லி ஒதுக்குவார்களே, அந்த வழக்கத்தில் என் வாயில் வந்த பேச்சு அது. இந்தக் கேமராவுக்குப் பின்னாடி என்ற ஓர் இடமே இல்லை என்று பரீட்சையில் எழுதியவள் நான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் அவர் போகவேண்டும் என்பதுதான். வாசலில் தேநீரோடு உட்கார்ந்துகொள்வார் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே ஓடி, காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினேன்.

விடுதிக்கு வந்து கைப்பேசியிலேயே படத்தை வெட்டினேன். அதில் முன்பக்கம் மட்டும்தான் திறந்தவுடன் தெரியும். பின்பக்கம் வேண்டுமென்றால் விரலால் இழுத்துத் திருப்பவேண்டும். பின்பக்கத்தில் காலண்டரைத் தவிர என்ன இருக்கிறது என்று நான் திருப்பவில்லை. அம்மா "வணக்கம்" சொல்வதற்கு முன்னால் இருந்ததையெல்லாம் வெட்டி எறிந்தேன். ஒரே ஒரு குறைதான் எனக்குக் கண்ணில் பட்டது. அம்மா கேமராவைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கண்ணைக் கொஞ்சம் மேலே தூக்கி, எதையோ பார்த்துவிட்டுத்தான் பேசினார். போனில் கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். "எத்தன வாட்டி சொன்னேன், கேமராவப் பாருங்கன்னு?"

அம்மா ஏதோ சொல்லவந்தார். "சரிம்மா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்," என்று முடித்துக்கொண்டார்.

கண்ணாடிகள் டாக்டரின் பொறுப்பில் இருந்தன. பள்ளிக்குப் போன அன்றுதான் படத்தை அவற்றில் ஏற்றினோம். கணினி அறையிலிருந்து சுழல் நாற்காலிகளை இழுத்துவந்து பிள்ளைகளை உட்காரவைத்தோம். நான் முன்னால் நின்று, "இப்போது நாம் ஒரு வீட்டுக்குள் போகிறோம், முன்னால் ஆன்ட்டி நிற்கிறார், பாருங்கள்," என்று மலாயில் பெரிய டீச்சர் தோரணையில் ஆரம்பித்தேன்.

பெரியவர்கள் கண்ணாடி மாட்டினால் நேராகப் பார்ப்பார்கள். பிள்ளைகள் அப்படியில்லை. மாட்டிய மறுகணமே நாற்காலியைச் சுற்றத் தொடங்கிவிட்டார்கள். பிறகு ஒரு சிறுமி சுற்றுவதை நிறுத்தினாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "அக்கா, பின்னால் ஒரு அங்கிள் இருக்கிறார்," என்றாள் மலாயில். அவ்வளவுதான். எல்லா நாற்காலிகளும் பின்பக்கம் திரும்பின. ஒரு வகுப்பே எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. இரண்டு பேர் காற்றில் கையாட்டினார்கள்.

ஒரு பிள்ளை பார்ப்பது டாக்டரின் கையிலிருந்த பலகைக் கணினியில் தெரிந்துகொண்டிருந்தது. அவர் அதை என் பக்கம் திருப்பினார்.

அப்பா நின்றிருந்தார். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை. தண்ணீர் தொட்டு வாரிய தலை. காலண்டருக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டி மறைத்துக்கொண்டு. கேமராவின் இந்தப் பக்கமும் ஒரு கண் இருப்பது தெரியாமல் நேராக என் முகத்தைப் பார்ப்பதுபோல் நின்றார். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லை. நான் எழுதிக்கொடுத்த அந்த நீளமான மலாய்ச் சொற்களை, அம்மா சொல்வதற்கு ஒரு நொடி முன்னால், அவர் மனப்பாடமாக வாயசைத்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த வாயைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார். அம்மா ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் முடிக்கும்போதெல்லாம் அப்பா தலையை லேசாக ஆட்டினார்.

"அங்கிள் ஆன்ட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்," என்றாள் அந்தச் சிறுமி. கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு.

"யார் இவர்?" என்று டாக்டர் கேட்டார்.

"என் அப்பா."

டாக்டர் என் தோளில் கை வைத்தார். "அப்பாவைப் பிள்ளைகளாகத் தேடிக் கண்டுபிடிக்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறாய். இந்தத் தொழில்நுட்பத்தை நீ ஒருத்திதான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாய்," என்றார்.

"நன்றி, டாக்டர்," என்றேன். அப்பாவைக் கேமராவில் விழாமல் ஒதுக்கித்தான் நிறுத்தினேன், எனக்கு அவரைக் காட்ட வெட்கமாக இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். டாக்டர் மற்ற மாணவர்களிடம் என் படத்தைக் காட்டி, அந்தப் பின்சுவரைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அடக்கமான பெண் என்று நினைத்திருப்பார்கள்.

விடுதிக்குப் போய் வெட்டாத முழுப் படத்தைத் திறந்து, விரலால் பின்பக்கம் திருப்பினேன். முதலில் வெறும் சுவர், காலண்டர். பிறகு அறைக்கதவு திறக்கிறது. அப்பா கடைசிப் பொத்தானைப் போட்டபடி நுனிக்காலில் வருகிறார். வாசலை எட்டிப்பார்த்து, "ஆரம்பிச்சிட்டாளா?" என்று அம்மாவிடம் கிசுகிசுக்கிறார். அம்மா தலையாட்டுகிறார். அவர் ஓடிப்போய்ச் சுவரோரம் நின்றுகொள்கிறார். கேமராவுக்குப் பின்னாடி நிற்பதற்காக ஒரு மனிதர் நல்ல சட்டை போட்டுத் தலைவாரிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. என்னைப் பிடித்து யாராவது நாலு அறை அறைந்தால் தேவலை போலிருந்தது.

இப்போது ஒரே ஒரு பயம்தான். அப்பா இந்தப் படத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தால், தான் அங்கே நிறுத்தப்பட்டது எதற்காக என்று அவருக்குப் புரிந்துவிடும். டயர் கடையில் நிற்கிற மனிதருக்கு ஆட்களைப் படிக்கத் தெரியும். ஆனால் போன் பண்ணும்போதெல்லாம் அவர் கேட்டது அதையேதான். "அம்மா படத்த எப்பம்மா காட்டுவ? கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்லா." கண்ணாடி கிடைக்கவில்லை, இரவல் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள், இப்படி ஏதோ ஒரு சாக்கு.

பருவ விடுமுறையில் டாக்டர் தானாகவே ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "உன் பெற்றோருக்குக் காட்டு, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்," என்றார். சாக்கு தீர்ந்துபோனது.

அதனால் நான் அப்பாவை அழித்தேன். அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. அவர் வருவதற்கு முன்னால் இருந்த வெறும் சுவரை எடுத்து, அவர் நின்ற இடத்தில் ஒட்டவேண்டும். அசைகிற ஆளை அழிப்பதுதான் சிரமம். அவர் குறுக்கே வந்துவிடக்கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சுத்தமாகப் போய்விட்டார். மதிப்பெண்ணுக்கு அப்பா உள்ள படம், அப்பாவுக்கு அப்பா இல்லாத படம். இரண்டையும் கண்ணாடியில் ஏற்றிக்கொண்டு குளுவாங்குக்கு ரயில் ஏறினேன். லாபிஸ் பக்கம் போகிற ஒரு குடும்பம் எதிரில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டது. எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினார்கள். பசியில்லை என்றேன்.

அன்று சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்து குளித்துவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே அம்மாவுக்கு முதலில் மாட்டினேன். அம்மா தன்னையே பார்த்துவிட்டு, "புடவை நல்லாத்தான் இருக்கு, நான்தான் இப்படிக் குண்டாயிட்டேன்," என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. கழுத்தைத் திருப்பினார். உடம்பையும் திருப்பினார். அப்படியே இருந்தார்.

"யாரப் பாத்துப் பேசறேன் நான்?" என்றார்.

கையை நீட்டிச் சுவர் இருந்த திசையைக் காட்டினார்.

"இங்கதான நின்னாரு. வெறும் சுவரப் பாத்துப் பேசிட்டு இருக்கேனே. பைத்தியக்காரி மாதிரி."

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார். படம் ஓடும் சத்தத்தில் அம்மா சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

அம்மா திட்டியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஏதாவது ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருப்பேன். அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அம்மாவைச் சுவரோடு பேசவிட்டிருக்கிறேன். அந்தப் படத்தை மூடிவிட்டு, மற்றதைத் திறந்து, அப்பாவின் தலையில் மாட்டினேன்.

முன்னால் அம்மா வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் போலவே உடனே பின்னால் திரும்பிவிட்டார். படத்தில் விழுந்துவிட்டோமோ என்ற சந்தேகம் அவருக்கு அன்றிலிருந்தே இருந்திருக்கவேண்டும்.

"அலமாக்," என்று மெதுவாக அங்கலாய்த்தார். "படத்துல விழுந்துட்டேனே."

"ப்பா..."

"பின்னாடிதானம்மா நின்னேன். நீ சொன்ன எடத்துலதான் நின்னேன். இதுல பின்னாடியும் தெரியும்னு எனக்கு அப்ப தெரியாதுலா." கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றினார். மூக்கின் மேல் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. "ஸ்கூல் பிள்ளைங்க பாத்துட்டாங்களா?"

"பாத்தாங்கப்பா. கையாட்டுனாங்க."

"அந்த டாக்டரு?"

"அவங்களும் பாத்தாங்க. உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாங்க."

அதை அவர் காதிலேயே வாங்கவில்லை. "மார்க்க கொறச்சிட்டாங்களா?" என்றார்.

இந்த ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. தன்னை எதற்காக ஒதுக்கினேன் என்று கேட்பார் என்றுதான் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அவர் என் படத்தைக் கெடுத்துவிட்டதாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். "இல்லப்பா. நெறைய குடுத்தாங்க," என்றேன்.

அவர் கண்ணாடியை மடியில் வைத்து, அதன் கண்ணாடிப் பகுதியில் விரல் படாமல் ஓரத்தில் பிடித்துக்கொண்டார். "இதுல என்னைய மட்டும் அழிக்க முடியுமாம்மா? அம்மா மட்டும் இருந்தா நல்லா இருக்கும்."

"முடியாதுப்பா," என்றேன்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். "அதான் முடியாதுங்கிறாளே, விடுங்க," என்றார் அப்பாவிடம். அவரிடம்தான் சொன்னார், ஆனால் கண் என் மேல் இருந்தது. இந்த முறை கொஞ்சமும் விலகாமல் நேராக என்னைப் பார்த்தார். நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.